சாவி கொடுத்த பிறகு...

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள் நம் பெரியவர்கள். அதோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்: அடுத்தவர் கட்டிக் கொடுத்த வீட்டில் குடியிருந்து பார்!

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், என் அத்தை அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அன்றைக்கு அத்தை வீட்டுக் கூரை போனது, கொல்லையில் நின்ற நாலு தென்னையும் போனது. மறுவருடம் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. (பெயர் வேண்டாம். நல்ல மனசோடு வந்தவர்கள்தான்.) எங்கள் ஊரில் இருபது பேருக்குக் காங்கிரீட் வீடு. பந்தல் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றை அத்தை கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ அவர்களுடைய அந்த வருட அறிக்கையில் முதல் பக்கத்தில் வந்திருந்தது. அத்தை அழகாகச் சிரித்துக் கொண்டிருப்பார்.

இரண்டாவது ஐப்பசி மழையில் வீடு ஒழுகியது. மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கவில்லை. எஸ்டிமேட்டில் இருந்ததா, பிறகு வெட்டிவிட்டார்களா, யாருக்குத் தெரியும்? ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு கைப்பிடி அளவுதான். வாசலில் பதித்த கல்வெட்டில் போன் நம்பர் இருந்தது. அதற்குப் பேசினால், "அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சு போச்சும்மா" என்று பதில் வந்தது. கடைசியில் அத்தை என்ன செய்தார் தெரியுமா? காங்கிரீட் கூரைக்கு மேலே கீற்று வேய்ந்தார்! போன பொங்கலுக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா தம்பி, சிவிலு படிக்கிறேன் சிவிலு படிக்கிறேன்னு சொல்றியே, உங்க படிப்புல இதுக்கு ஒரு வழி சொல்லித்தரலியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நண்பர்களே! நாம் எல்லோரும் எம்.புக் எழுதப் படித்தவர்கள். மற்றப் பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சைட்டில் நடந்த வேலையை நீளம், அகலம், உயரம் என்று அளந்து, அளந்தபடி எழுதி வைக்கும் புத்தகம் அது. அதில் எழுதினால்தான் காண்ட்ராக்டருக்குப் பில். "அளக்காததை எழுதாதே, எழுதினதை அழிக்காதே" என்று எங்கள் சார் எங்கள் தலையில் ஆணி அடித்த மாதிரி சொல்வார். அத்தை வீட்டைப் பார்த்து வந்ததிலிருந்து எனக்கு ஒரு யோசனை. ஏழைகளுக்கு வீடு கட்டுகிறோம் என்று சொல்லும் தொண்டு நிறுவனங்கள் வருடா வருடம் முன்னேற்ற அறிக்கை போடுகின்றனவே, அதுதானே அவர்களுடைய எம்.புக்? அதில் எதை அளக்கிறார்கள்?

இதைப் பார்க்க ஒரு பெரிய நிறுவனத்தையே எடுத்துக் கொண்டேன். உலகம் முழுக்கத் தெரிந்த கிறிஸ்தவ வீட்டு வசதித் தொண்டு நிறுவனம், ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி.

ஒரு பண்ணையில் பிறந்த யோசனை

அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் 1942-ல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவர் கொய்னோனியா என்ற பண்ணையைத் தொடங்கினார். விவசாயமும் படித்தவர், பைபிளின் கிரேக்க மொழியும் படித்தவர். 'கொய்னோனியா' என்றால் கிரேக்கத்தில் கூட்டுறவு, ஒன்றாய் வாழ்தல் என்று அர்த்தம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பண்ணை அது. அந்தக் காலத்துத் தெற்கு அமெரிக்காவில் இது எவ்வளவு பெரிய குற்றம் என்பது, நம் ஊர்த் தேநீர்க் கடை இரட்டைக் குவளையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குச் சொல்லாமலே புரியும். 1950-களில் பண்ணையின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சாலையோரக் கடைக்குக் குண்டு வைத்தார்கள். ஊரே சேர்ந்து கொள்வினை கொடுப்பினையை நிறுத்தியது. அவர்கள் தபால் மூலம் பீக்கன் பருப்பு விற்றுப் பிழைத்தார்கள்.

1965-ல் அங்கே மில்லார்ட் ஃபுல்லர் என்ற இளைஞர் மனைவி லிண்டாவோடு வந்து சேர்ந்தார். வக்கீலாகவும் வியாபாரியாகவும் இருந்து 29 வயதிலேயே கோடீஸ்வரர் ஆனவர். பணம் சேர்ந்தது, குடும்பம் உடையப் பார்த்தது. புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவெடுத்துச் சொத்தையெல்லாம் விற்றுத் தானம் செய்துவிட்டு வந்தவர்கள். இவரும் ஜோர்டனும் பேசிப் பேசி 1968-ல் ஒரு திட்டம் போட்டார்கள். பண்ணையைச் சுற்றிக் குடிசைகளில் இருந்த கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு. லாபம் கிடையாது, வட்டி கிடையாது. முதல் வீடு எழும்பிக் கொண்டிருந்த 1969-லேயே ஜோர்டன் காலமாகிவிட்டார்.

1973-ல் ஃபுல்லர் குடும்பம் ஆப்பிரிக்காவில் அன்று ஜைர் என்று பெயர் கொண்ட காங்கோ நாட்டுக்குப் போய் ம்பண்டாகா என்ற ஊரில் மூன்று வருடம் இதையே செய்து பார்த்தது. திரும்பி வந்து 1976-ல் ஹாபிடாட்டை ஆரம்பித்தார்கள். 1983-ல் இந்தியாவுக்கு வந்தது. முதல் வேலை அன்றைய ஆந்திராவில், இன்றைய தெலங்கானாவில் உள்ள கம்மத்தில். 1984-ல் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் நியூயார்க்கில் ஒரு பழைய அடுக்குமாடியைப் புதுப்பிக்கும் வேலைக்குத் தச்சுச் சாமான்களோடு போய் நின்றார். அவருடைய சொந்த ஊர் அமெரிக்கஸுக்குப் பக்கம்தான். அதன் பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 2006-ல் மகாராஷ்டிராவில் லோனாவாலா பக்கம் நூறு வீடு கட்டும் வேலைக்கும் அவர் வந்தார். 2019-ல் 95 வயதில், கீழே விழுந்து கண் வீங்கிய நிலையில்கூட நாஷ்வில் நகரில் வேலைக்கு நின்றார். 2024 டிசம்பரில் மறைந்தார். நம்ம ஊரில் பதவி போன பிறகு சாந்துக்கரண்டி பிடித்த தலைவர் யாராவது உண்டா? யோசித்துப் பாருங்கள்!

பிச்சை அல்ல, பங்கு

இவர்கள் முறையில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, வட்டியில்லாக் கடன். ஏழைக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி வாங்கக் கூடாது என்பது பைபிளின் யாத்திராகமத்தில் உள்ள கட்டளை. அதை அப்படியே எடுத்துக் கொண்டார்கள். இதன் பலம் என்ன என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வீட்டுக்கு 3 லட்ச ரூபாய் கடன், 20 வருடத் தவணை என்று வையுங்கள். வட்டி இல்லை என்றால் மாதம் 1,250 ரூபாய். 12 சதவீத வட்டி என்றால் மாதம் 3,303 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 7 லட்சத்து 93 ஆயிரம். நம்ம ஊர் மூணு வட்டிக்கு வாங்கினால்? மாதம் 9,000 ரூபாய் வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும்! ஆக, ஏழைக்கு வீடு எட்டாமல் போவதற்குச் செங்கல், சிமெண்ட் விலை பாதிக் காரணம்தான். மீதி, பணத்தின் விலை.

கட்டும் தவணை நிறுவனத்தின் கைக்குப் போகாது, பொதுநிதிக்குப் போகும். இருபது குடும்பம் மாதம் 1,250 கட்டினால் வருடத்துக்கு 3 லட்சம். அதில் இருபத்தோராவது குடும்பத்துக்கு வீடு. நம்ம வீட்டு அம்மாக்கள் சீட்டுப் பிடிப்பது மாதிரிதான்!

ஒரு ஓட்டையும் இருக்கிறது. இன்றைக்கு 3 லட்சத்தில் முடிகிற வீடு பத்து வருடம் கழித்து அதே பணத்தில் முடியுமா? முடியாது. வட்டியில்லாத பணம் வருடா வருடம் கரையும். அதனால்தான் நன்கொடை வந்து கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. "தானாகச் சுழலும் நிதி" என்று மேடையில் பேசுவது முழு உண்மை இல்லை. தள்ளிவிட ஆள் வேண்டும்.

பிடித்த இரண்டாவது விஷயம், வீடு பெறுகிறவர் தன் உழைப்பைக் கொடுக்க வேண்டும் என்ற விதி. தன் வீட்டிலும் அடுத்தவர் வீட்டிலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் வேலை செய்ய வேண்டும். கல் சுமக்கலாம், வர்ணம் அடிக்கலாம், முடியாதவர்கள் வேலை செய்கிறவர்களுக்குச் சமைத்துப் போடலாம். இது கூலி மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். சுவர் எழும்பும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால், கவர் பிளாக் வைக்காமல் கம்பி கட்டுகிறவன் கொஞ்சம் யோசிப்பான் இல்லையா?

"கிறிஸ்தவ நிறுவனம்னா மதம் மாத்தத்தாண்டா வீடு கட்டுவான்" என்று என் அறை நண்பன் சொன்னான். அந்தச் சந்தேகம் நம்மில் பலருக்கு இருக்கும், ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன். ஹாபிடாட்டின் எழுதப்பட்ட விதி, குடும்பத்தைத் தேர்வு செய்வதில் மதம் பார்ப்பதில்லை, வீட்டைக் காட்டி மதப் பிரசாரம் செய்வதில்லை என்பது. அவர்களைத் தள்ளுவது அவர்களுடைய நம்பிக்கை. வாங்குகிறவரிடம் அவர்கள் கேட்பது தவணையும் உழைப்பும்தான். எந்த மதத்தார், எந்தக் கட்சிக்காரர் வீடு கொடுத்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பதிலுக்கு என்ன கேட்கிறாய்?

எண்ணிக்கை எப்படிப் பெருகியது?

இனி எம்.புக்குக்கு வருவோம். 2005-ல் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் ஹாபிடாட் தனது 2 லட்சமாவது வீட்டைக் கட்டியது. வீட்டுக்கு ஐந்து பேர் என்று பத்து லட்சம் பேருக்கு வீடு. 1976-லிருந்து கணக்குப் போட்டால் 29 வருட உழைப்பு. அதே ஆண்டில்தான் ஃபுல்லர் நிர்வாகக் குழுவோடு ஏற்பட்ட பிணக்கில் வெளியேற்றப்பட்டார். அவர் 2009-ல் மறைந்தார். ஆரம்பித்தவர் போனாலும் வேலை நிற்கவில்லை.

சமீப வருடங்களில் அவர்கள் சொல்லும் மொத்த எண்ணிக்கை என்ன தெரியுமா? 6 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல்! 29 வருடத்தில் பத்து லட்சம், அடுத்த இருபது வருடத்துக்குள் ஆறு கோடிக்கு மேல். சுத்தியல் வேகமாக அடித்து இது வந்திருக்க முடியாது. பிறகு எப்படி?

அளக்கும் முறை மாறியது. முன்பு சாவி கொடுத்த வீட்டை எண்ணினார்கள். பிறகு பழுது பார்த்த வீடு, சிறுகடன் நிறுவனங்கள் மூலம் ஓர் அறையோ ஒரு கக்கூஸோ கட்டக் கடன் பெற்ற குடும்பம் என்று பட்டியல் நீண்டது.

இது ஏமாற்று வேலையா? இல்லை என்பேன். எங்கள் வீட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். என் அப்பா கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டினார். எங்கள் வீட்டை அவர் கட்டி முடிக்கப் பதினாறு வருடம் ஆனது. முதலில் கீற்றுக் கொட்டகை. ஒரு நல்ல வருடத்தில் பேஸ்மெண்ட். அக்கா பெரியவள் ஆனபோது சுவர். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நான் பத்தாவது படிக்கும்போதுதான் ஸ்லாப். ஏழை வீடு கட்டுவது இப்படித்தான், உலகம் முழுக்க. ஒரே மூச்சில் கட்டி முடிப்பது கையில் காசு உள்ளவன் கதை. ஆகவே ஒரு சுவருக்குக் கடன் கொடுத்ததையும் வீட்டு வசதி என்று எண்ணுவது நியாயம். உண்மையில் ஏழையின் வீட்டை முதல் தடவையாகச் சரியாகப் புரிந்து கொண்டது அப்போதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

என் ஆட்சேபணை வேறு. எம்.புக்கில் கன மீட்டரையும் சதுர மீட்டரையும் கூட்ட முடியுமா? கூட்டினால் சார் புத்தகத்தை முகத்தில் எறிவார். முழு வீடு பெற்ற ஒரு குடும்பமும், ஓர் அறை கட்டக் கடன் பெற்ற ஒரு குடும்பமும் ஒரே கூட்டுத்தொகையில் ஒன்று, ஒன்று என்று ஏறுகின்றன. அறிக்கையின் உள்ளே வகை பிரித்துத்தான் போடுகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மேடைக்கும் போஸ்டருக்கும் வருவது அந்த ஒரே பெரிய எண்தான். பணம் கொடுப்பவர் பார்ப்பதும் அதைத்தான்.

எண்ணிக்கை ஆசை இன்னொரு பக்கமும் இழுக்கும். 2002-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹாபிடாட் தொண்டர்கள் 3 மணி 26 நிமிடத்தில் ஒரு வீட்டைக் கட்டிச் சாதனை படைத்தார்கள். மரச்சட்ட வீடு, எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டது, அவர்களுக்கு முடியும். இதை நம்ம ஊரில் காப்பி அடிக்க நினைத்தால் என்ன ஆகும்? ஸ்லாப்புக்குத் தண்ணீர் கட்டவே வாரக்கணக்கு ஆகும். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டும் என்று பிப்ரவரியில் காங்கிரீட் போட்டு, க்யூரிங் முடியுமுன் சென்ட்ரிங் பிரித்து, பெயிண்ட் அடித்து, ரிப்பன் வெட்டினால்... அத்தை வீடுதான்!

ஆணி கூடுதலாக அடித்த வீடு

நல்ல உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்ற சூறாவளி ஃபுளோரிடாவின் தெற்கைத் துடைத்துப் போட்டது. காண்ட்ராக்டர்கள் வரிசை வரிசையாகக் கட்டி விற்ற வீடுகள் கூரை பறந்து கிடந்தன. அங்கே ஹாபிடாட் கட்டியிருந்த வீடுகள் பெரிய சேதம் இல்லாமல் நின்றன. காரணம் கேட்டால் நமக்கே சிரிப்பு வரும். தொண்டர்களுக்குத் தொழில் தெரியாது. எங்கே ஒரு ஆணி போதும் என்று தெரியாததால் இரண்டு மூன்றாக அடித்து வைத்தார்கள்! கூரையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டைகளையும் விடாமல் போட்டார்கள். தொழில் தெரிந்தவன் லாபத்துக்காக ஆணியைக் குறைத்தான். தெரியாதவன் பயந்து கூடுதலாக அடித்தான். புயல் இருவர் வேலையையும் அளந்து பார்த்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒரு வீட்டின் உண்மையான எம்.புக்கை எழுதுவது சைட் இன்ஜினியர் அல்ல; மழையும் காற்றும்தான். திறப்பு விழா அன்று எல்லா வீடும் நல்ல வீடுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையிலும் இதே கதைதான். 2005 ஜனவரியிலேயே அரசு தொண்டு நிறுவனங்களை வீடு கட்ட அழைத்தது. நிலம் அரசு தரும், வீடு நீங்கள் கட்டுங்கள் என்பது ஏற்பாடு. ஹாபிடாட்டும் இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து என்று நான்கு நாட்டுக் கரைகளில் வேலை செய்தது. எத்தனையோ பேர் வந்தார்கள், கட்டினார்கள். ஆனால் கட்டி ஐந்து வருடம், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, "அம்மா, கதவு நல்லா மூடுதா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

வீடில்லாதவர் வேறு, வீடு போதாதவர் வேறு

இன்னொரு விஷயம். "வீடற்றோருக்கு வீடு" என்று பொதுவாக எழுதி விடுகிறோம். இதில் இரண்டு கூட்டம் இருக்கிறது.

ஹாபிடாட் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று பார்க்கிறது. தேவை இருக்கிறதா, உழைக்கத் தயாரா, தவணை கட்ட முடியுமா? மூன்றாவது கேள்வியில் நடைபாதைக்காரர் வெளியே நின்றுவிடுவார். பிளாட்பாரத்தில் படுத்து, மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாதவர் இருபது வருடத் தவணைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அவருக்கு முதலில் வேண்டியது வேலைக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுள்ள பெட்டி, ஒரு குளியலறை, பயமில்லாத ஒரு ராத்திரி. ஊருக்கு வெளியே இருபது மைலில் வீடு கொடுத்தால் பஸ் காசுக்கே கூலி போய்விடும். திரும்பவும் பிளாட்பாரத்துக்கே வருவார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். ஹாபிடாட் பிறந்த பணக்கார அமெரிக்காவிலேயே 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 7 லட்சத்து 71 ஆயிரம் பேர். முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் கூடுதல். ஐம்பது வருடம் நல்ல மனிதர்கள் சுத்தியல் பிடித்த நாட்டில் இந்த நிலை. இதற்கு ஹாபிடாட்டைக் குறை சொல்வது அறியாமை. வாடகையும் நிலத்தின் விலையும் கூலியும் தொண்டர்கள் கையில் இல்லை. வீடு கட்டிக் கொடுப்பது தொண்டு. வீடு இழக்காமல் பார்த்துக் கொள்வது அரசின் கடமை. முதலாவதைப் பாராட்டிவிட்டு இரண்டாவதை மறந்துவிடக் கூடாது. தொண்டு நிறுவனம் ஒன்று தன் முன்னேற்ற அறிக்கையில், "இவ்வளவு செய்தோம்" என்பதற்குப் பக்கத்திலேயே "இவர்களை எங்களால் எட்ட முடியவில்லை" என்று ஒரு பத்தியும் எழுதினால், அந்த அறிக்கையை நான் கண்ணில் ஒற்றிக் கொள்வேன்.

நாம் என்ன செய்யலாம்?

"ஓசியில கிடைச்ச வீட்டுக்குக் குறை சொல்லலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். அத்தையே அப்படித்தான் சொல்வார்: "குடுத்தவங்களக் குத்தம் சொல்லாதடா, அந்த மழையில நாங்க பள்ளிக்கூடத்துல படுத்துக் கெடந்தோம், அவுங்கதான் வந்தாங்க." உண்மைதான். வராத ஆயிரம் பேரைவிட வந்த அந்த ஒருவர் உயர்ந்தவர். ஆனால் தானம் என்பதால் கலவையில் சிமெண்டைக் குறைத்தால் சுவர் சும்மா நிற்குமா? தானமாகக் கொடுத்த ஸ்லாப்புக்கும் புவி ஈர்ப்பு உண்டு. தண்ணீர் கீழேதான் வரும்!

இந்தக் கோடை விடுமுறையில் நானும் என் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் அப்பாவோடு அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பா தன் சீட்டுப் பணத்தை எடுத்தார். கீற்றைப் பிரித்து, ஸ்லாப்பைச் சுரண்டிக் கழுவி, விரிசலை அடைத்து, வாட்டம் பார்த்துக் கலவை போட்டுத் தட்டோடு பதித்தோம். நாலு நாள் வேலை. லெவல் பார்ப்பதில் நாங்கள் புத்தகத்தைச் சொல்ல, அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது ஓடுகிற திசையைக் காட்டிச் சிரித்தார். அத்தை நாலு நாளும் கலவை சுமந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மழை வந்தபோது போன் செய்தார். "ஒரு சொட்டு எறங்கலடா தம்பி. பக்கத்து வீட்டுக்காரி வந்து பாத்தா. இது நாங்க போட்ட தட்டோடுன்னு சொன்னேன்." அட்டைச் சாவி வாங்கிய அன்று அந்தக் குரல் இல்லை. உழைப்பில் பங்கு என்ற விதியை ஃபுல்லர் ஏன் வைத்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது பேரவைக்கு என் கோரிக்கை. வருடா வருடம் நாம் மலர் போடுகிறோம், கலைவிழா நடத்துகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இதையும் செய்வோம். சிவில் பிரிவு இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு நாள் ஒதுக்கி, நம் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களில் அரசோ தொண்டு நிறுவனமோ கட்டிக் கொடுத்து ஐந்து வருடம் ஆன வீடுகளுக்குப் போவோம். பத்தே கேள்விகள்:

1. கூரை ஒழுகுகிறதா?
2. சுவர் அடியில் ஓதம் ஏறுகிறதா?
3. கக்கூஸைப் பயன்படுத்துகிறார்களா, அதற்குத் தண்ணீர் உண்டா?
4. மின் இணைப்பு இருக்கிறதா?
5. பட்டா யார் பெயரில்? பெண் பெயர் இருக்கிறதா?
6. வேலைக்குப் போக எவ்வளவு தூரம், எவ்வளவு காசு?
7. வீட்டுக்காக வெளியே கடன் வாங்கினார்களா, என்ன வட்டி?
8. தாங்களே ஏதாவது கூட்டிக் கட்டியிருக்கிறார்களா?
9. அதே குடும்பம்தான் இருக்கிறதா? இல்லை என்றால் ஏன்?
10. கட்டிக் கொடுத்தவர்கள் ஒரு தடவையாவது திரும்பி வந்தார்களா?

மெக்கானிகல் நண்பர்கள் பம்பைப் பார்க்கட்டும், எலக்ட்ரிகல் நண்பர்கள் ஒயரிங்கைப் பார்க்கட்டும். பார்த்ததை அளந்தபடி எழுதி, அடுத்த ஆண்டு மலரில் போடுவோம். யாரையும் திட்ட வேண்டாம். கட்டிக் கொடுத்தவர்களுக்கே முதல் பிரதியை அனுப்புவோம். நல்ல நிறுவனம் என்றால் நன்றி சொல்லும். கோபப்பட்டால், அதுவும் ஓர் அளவுதான்!

நாம் டிப்ளமோக்காரர்கள். வடிவமைக்கிறவர் ஒருவர், பணம் போடுகிறவர் ஒருவர், ரிப்பன் வெட்டுகிறவர் ஒருவர். வெயிலில் நின்று வேலை வாங்கி அளந்து எழுதுகிறவர்கள் நாம்தான். கவர் பிளாக் இல்லாத கம்பியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகும் ஒரு நிமிடம் நம் எல்லோர் வேலையிலும் வரும். அந்த நிமிடத்தில், காங்கிரீட் கூரை மேல் கீற்று வேய்ந்த ஒரு பெண்ணை நினைத்துக் கொள்ளுங்கள்.

சாவி கொடுப்பதோடு கணக்கு முடிவதில்லை நண்பர்களே, அங்கேதான் எம்.புக்கின் முதல் பக்கமே தொடங்குகிறது.